எல்லைப்புற இரசிகரும் பெறுமொழியும்: 'திருஷ்யம்' – 'பாபநாசம்' மறுஆக்கத்தை முன்வைத்து

மொழிபெயர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் வாசகரைக் குறித்துப் பேசும்பொழுதெல்லாம் ஒரு கருதுகோளை வெளிப்படக் கூறாமலேயே ஏற்றுக்கொள்கின்றன. தருமொழியை அறியாதவரே பெறுமொழி வாசகர் என்பது அக்கருதுகோள். மூலத்தை நேரே படிக்கவோ கேட்கவோ வல்லவருக்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்னும் வினா இயல்பானதே. ஆனால், இரு மொழிகளும் ஒரே தெருவில் வழங்கும் நிலப்பகுதிகளில் இக்கருதுகோள் தளர்ந்துவிடுகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களும் அத்தகையன. அங்கு வாழும் தமிழ்த் திரைப்பட இரசிகர் ஒரு மலையாளப் படத்தை மலையாளத்திலேயே பார்த்துவிடுகிறார். ஓரிரு ஆண்டுகள் கழித்து அதன் தமிழ் வடிவம் வரும்பொழுது அதனையும் பார்க்கிறார். தமிழ் வடிவம் அவருக்குக் கதையை அறிவிப்பதில்லை. கதை அவருக்கு முன்னரே தெரியும். தமிழ் என்பது எது, தமிழர் வாழுமிடம் எது என்பதைப் பற்றிய ஒரு கருத்தையே அது அவருக்கு அறிவிக்கிறது.

இத்தகைய இரசிகரை அளவுகோலாகக் கொண்டு, ஜீத்து ஜோசப் இயக்கி 2013 டிசம்பரில் வெளிவந்த 'திருஷ்யம்' என்னும் மலையாளப் படமும், அவரே இயக்கி 2015 ஜூலையில் வெளிவந்த 'பாபநாசம்' என்னும் தமிழ்ப் படமும் இங்கு மதிப்பிடப்படுகின்றன. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த படங்கள் பல இருக்க இவற்றைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 'திருஷ்யம்' இடுக்கியில் நிகழும் கதை. அதன் தலைவனே ஒரு திரைப்பட இரசிகன்.

எல்லையும் திரையும்

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபொழுது அவை அதன் பகுதிகளாயின. பாலக்காட்டின் வரலாறு வேறு. அம்மாவட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்து மலபாரைச் சேர்ந்தது. சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்துள்ளது. சட்டத்தில் உள்ள இடம் நடைமுறையில் எத்துணை மெலிந்தது என்பதற்குச் சிறு சான்று ஒன்று போதும். 2021-இல் தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அதன் தமிழ் வாசகத்தில் இன்றியமையாத தொடர் ஒன்று விடுபட்டிருந்ததால் அவர் மீண்டும் ஒருமுறை உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. மொழிபெயர்ப்பில் விடுபடும் ஒரு தொடர் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

திரைக்கும் ஒலிக்கும் இவ்வெல்லைகள் இருந்ததில்லை. சித்தூர் வட்டாரத்தில் கோவை வானொலியின் தமிழ் கேட்டது. இடுக்கியின் கிழக்குச் சரிவில் கம்பம், போடி ஊர்களின் திரையரங்குகள் மலையிறங்கினால் எட்டும் தொலைவில் இருந்தன. 1993-இல் சன் தொலைக்காட்சியும் ஏசியாநெட்டும் ஒரே ஆண்டில் தோன்றின. ஊர்தோறும் கம்பிவடத் தொலைக்காட்சி நடத்தியவர்கள் இரண்டையும் ஒரே வடத்தில் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தனர். எல்லைப்புற வீட்டில் மாலையில் தமிழ்த் தொடரும் இரவில் மலையாளப் படமும் அடுத்தடுத்து ஓடுவது வியப்புக்குரியதன்று. அவ்வீட்டார் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்பொழுது தாவுவதாகவே உணர்வதில்லை.

இரசிகரைக் குறிக்கும் சொற்களே இரு மொழிகளிலும் வெவ்வேறு வழியில் சென்றுள்ளன. வடமொழி 'ரசிக' என்பது தமிழில் இசைக்கச்சேரியின் முன்வரிசையில் தொடங்கித் திரையரங்கின் தரை வகுப்பு வரை இறங்கி, 'இரசிகர் மன்றம்' என்னும் தொடரில் நிலைத்துவிட்டது. மலையாளத்தில் 'ரசிகன்' என்றால் வேடிக்கையாகப் பேசுபவன், கலகலப்பானவன். நடிகர்மேல் பற்றுள்ளவன் அங்கு 'ஆராதகன்'. கலையை நுகர்பவன் 'ஆஸ்வாதகன்'. மன்றம் 'ஃபான்ஸ் அசோசியேஷன்'. எனவே எல்லைப்புறத்தில் ஒருவரை 'நல்ல ரசிகன்' என்றால், சொன்னவர் எம்மொழியில் நின்று சொன்னார் என்பதை அறிந்தாலன்றிப் பொருள் துணிய இயலாது. பாலக்காட்டில் இச்சொல் இரு பொருளிலும் ஒருவர்க்கே பொருந்துவதும் உண்டு.

கதைத்தலைவன் ஓர் இரசிகன்

'திருஷ்யம்' படத்தின் ஜார்ஜுகுட்டி நான்காம் வகுப்புக்குமேல் படிக்காதவன், பெற்றோரற்றவன், இராஜாக்காட்டில் கம்பிவடத் தொலைக்காட்சி நடத்திக் குடும்பத்தைப் பேணுபவன். இரவு நேரங்களில் வீட்டுக்குச் செல்லாமல் அலுவலகத்திலேயே அமர்ந்து படம் பார்ப்பவன். ஊரார் சிக்கல்களுக்கு அவன் கூறும் தீர்வுகள் திரைப்படங்களில் கண்டவை. சட்டச் சொற்களையும் அவன் படம் பார்த்தே கற்றிருக்கிறான். இவ்வகை மனிதரைத் தமிழில் 'சினிமாப் பைத்தியம்' என்று எளிதாகக் கூறிவிடுவது வழக்கம். அப்பெயரிலேயே 1975-இல் ஒரு தமிழ்ப் படம் வந்துள்ளது. இந்தியில் வந்த 'குட்டி'யின் மறுஆக்கமான அது, இரசிகையின் மயக்கத்தைத் தெளிவிப்பதையே நோக்கமாகக் கொண்டது. இரசிகரைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் அவரைத் திருத்தும் படங்களே. 'திருஷ்யம்' திருத்த முற்படவில்லை. இரசிகனின் அறிவை அறிவாகவே ஏற்றுக்கொண்டது. அதன் புதுமை இங்குத்தான் உள்ளது.

அவ்வறிவு யாது? மகளின் மானத்தைக் காக்க நேர்ந்த ஒரு கொலையை மறைக்க வேண்டிய நிலையில், அவன் பொய் சொல்வதில்லை; நிகழ்ச்சிகளைத் தொகுக்கிறான். குடும்பத்துடன் பேருந்தில் செல்வது, விடுதியில் தங்குவது, உணவகத்தில் உண்பது, படம் பார்ப்பது ஆகிய அனைத்தும் உண்மையாகவே நிகழ்ந்தவை. நாள் மட்டும் மாற்றப்பட்டது. நடத்துநரும் உணவக உரிமையாளரும் பின்னர்ச் சான்று கூறுகையில் தாம் கண்டதையே கூறுகின்றனர். கண்ட காட்சியுடன் ஒரு தேதியை ஒட்டவைத்தவன் ஜார்ஜுகுட்டி. படத்தொகுப்பாளர் செய்வதும் இதுவே: வெவ்வேறு நாளில் எடுத்த காட்சிகளை ஒரே நாளில் நிகழ்ந்தனவாக அடுக்குகிறார், பார்ப்பவர் அவ்வடுக்கையே காலமாக நம்புகிறார். பல்லாயிரம் மணி நேரம் படம் பார்த்த ஒருவனுக்கு இலக்கணம் கற்பிக்கப்படாமலே இவ்விலக்கணம் தெரிந்திருக்கிறது. தாய்மொழி பேசுவோர்க்குத் தம் மொழியின் இலக்கணம் தெரிந்திருப்பதைப் போன்றதே இது.

இதனைத் தமிழாக்கம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே அடுத்து எழும் வினா.

விகுதி காட்டிக்கொடுக்கும் ஆள்

மலையாளத்துக்கும் தமிழுக்கும் உள்ள இலக்கண வேறுபாடுகளுள் முதன்மையானது வினைமுற்றில் இடம், பால், எண் காட்டும் விகுதி மலையாளத்தில் இல்லாமை. ஏ. ஆர். இராஜராஜ வர்மா தம் 'கேரள பாணினீய'த்தில் தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழிகளைக் கூறுமிடத்து இதனைப் 'புருஷபேத நிராசம்' எனப் பெயரிட்டு ஆறு நயங்களுள் ஒன்றாக வைத்தார். வகுப்பறையில் ஒரு சூத்திரமாகக் கடந்துபோகும் இவ்வேறுபாடு, மறைப்பதே கருப்பொருளாக உள்ள ஒரு கதையில் உயிர்நாடியாகிவிடுகிறது.

படத்தின் உரையாடலிலிருந்து அன்றி, அமைப்பை விளக்கும்பொருட்டு ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம். 'தொடுபுழக்குப் போயி' என்று மலையாளத்தில் எழுவாயின்றி ஒருவர் கூறினால், போனவர் ஒருவரா பலரா, கூறியவரா வேறொருவரா என்பது அத்தொடரிலிருந்து தெரியாது. தமிழில் அதனைக் கூறும் நொடியிலேயே போனேன், போனோம், போனார், போனார்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். விசாரணைக்கு உள்ளாகும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று. மலையாளத்தில் எழுவாயைத் தொகையாக விட்டுவிட்டு மழுப்பிப் பேச மொழியே இடங்கொடுக்கிறது. தமிழில் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மலையாளத்தில் ஒரு சிறுமி சொல்லாமல் விடுவதன் வழியாக மறைக்க முடியும். தமிழில் அவள் சொல்லியே மறைக்க வேண்டும். அதாவது அவளுக்குக் கூடுதலாகப் பொய் தேவைப்படுகிறது. தமிழ் உரையாடல் எழுதுபவர்க்கு இது கட்டுப்பாடு. திறம் உள்ளவர்க்கு வாய்ப்பு.

தமிழ் உரையாடல்களை எழுதியவர் ஜெயமோகன். குமரி மாவட்டத்தில் மலையாளம் வீட்டுமொழியாக உள்ள குடும்பத்தில் பிறந்து, இரு மொழிகளிலும் எழுதுபவர். 2012-இல் வெளிவந்த 'ஒழிமுறி' என்னும் மலையாளப் படத்தின் திரைக்கதையும் அவருடையதே. இத்தகைய ஒருவர்க்கு இவ்வேறுபாடு தெரியாதிருக்க வழியில்லை. 'பாபநாசம்' படத்தில் அவர் தேர்ந்த வழி, எழுவாயை மறைக்கும் உத்தியைத் தேடுவதன்று. பேச்சின் அடர்த்தியைக் கூட்டுவது. சுயம்புலிங்கம் ஜார்ஜுகுட்டியைக் காட்டிலும் மிகுதியாகப் பேசுகிறான். நெல்லை வழக்கின் விளிகளும் இழுவைகளும் அவன் பேச்சை நிரப்புகின்றன. கேட்பவர் கவனம் 'என்ன சொல்கிறான்' என்பதிலிருந்து 'எப்படிச் சொல்கிறான்' என்பதற்கு நகர்கிறது. மூலத்தில் மௌனம் மறைத்ததை இங்குப் பேச்சு மறைக்கிறது. மறுஆக்கத்தின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு முடிவு இதுவே எனலாம். பொதுத்தமிழில் இக்கதை எழுதப்பட்டிருந்தால் இவ்வழி கிட்டியிராது. நெல்லை வழக்கைக் கேலிக்குரிய துணைப்பாத்திரத்தின் வாயிலன்றி, கதைத்தலைவனின் வாயில் இறுதிவரை வைத்திருந்தமையும் பாராட்டுக்குரியது. சில இடங்களில் வழக்குச் சொற்கள் கண்காட்சிப் பொருள்போல் அடுக்கப்பட்டுள்ளன என்பது உண்மையே. எனினும் அது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை.

பெயரும் இடமும்

கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்றும் தத்தம் ஒலிமரபுக்கேற்ற சிறு மாற்றத்துடன் மூலப் படத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டன. தமிழ் மட்டும் ஓர் ஊர்ப்பெயரைச் சூட்டியது. பாபநாசம் பொருநை மலையிலிருந்து இறங்குமிடத்தில் உள்ள தலம். பாவம் நீங்கும் நீர்த்துறை. கதைத்தலைவன் இறந்தவனின் பெற்றோர்முன் நின்று மன்னிப்பு வேண்டும் இறுதிப் பகுதிக்கு அப்பெயர் பொருந்துகிறது. ஆனால் அத்துடன் கதையின் மையம் கண்ணிலிருந்து நெஞ்சுக்கு மாறிவிடுகிறது. மூலத்தின் பெயர் காண்பதைப் பற்றியது. தமிழின் பெயர் கழுவுவதைப் பற்றியது. கிறித்தவக் குடும்பத்தின் கதை இந்துக் குடும்பத்தின் கதையானபொழுது கைம்மாறியது வழிபாட்டிடம் மட்டுமன்று.

இங்குத் தமிழில் தவறவிடப்பட்ட ஒரு சொல்லைச் சுட்டாமலிருக்க இயலவில்லை. 'காட்சி' என்பது தமிழில் பார்க்கப்படும் பொருளையும், திரையரங்கின் ஒரு வேளைப் படத்தையும் ஒருங்கே குறிக்கும். அளவை நூல்களில் நேரே கண்டறியும் அளவையின் பெயரும் அதுவே. 'சாட்சி'யுடன் ஓரெழுத்தால் மட்டும் வேறுபடுகிறது. சீட்டு வாங்கிப் பார்த்த ஒரு காட்சியைச் சாட்சியாக்கியவன் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எம்மொழியும் தந்திராது.

ஊர்ப்பெயர் வந்தபின் நிலம் மாறுவது தவிர்க்க இயலாதது. ஏலமும் மிளகும் விளையும் குடியேற்ற மலையூர் திருநெல்வேலிச் சீமையின் மலையடிவார ஊராயிற்று. பெறுமொழி வாசகர்க்கு அணுக்கமான நிலத்தைத் தருதல் என்று மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் இதனைப் போற்றிக் கற்பிப்பது வழக்கம். கதையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவருதல் என்பர். எல்லைப்புற இரசிகரின் இடத்தில் நின்று பார்த்தால் இத்தொடரே விந்தையாகத் தோன்றும். இராஜாக்காட்டைச் சூழ்ந்த ஏலத் தோட்டங்களில் வேலை செய்வோருள் பெரும்பகுதியினர் தமிழர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் நாள்தோறும் மலையேறி மாலையில் இறங்குவோரும் பலர். தமிழ் முன்னரே வழங்கும் ஓர் இடத்திலிருந்து, தமிழாக்கும் பொருட்டு, கதை வெளியேற்றப்பட்டது. மூலப் படமும் இத்தமிழுக்குப் பெரிதாக இடங்கொடுத்ததன்று என்பதையும் கூறியாக வேண்டும். அது குடியேறிய மலையாளக் குடும்பத்தின் பேச்சிலேயே நிகழ்வது. ஆக, இராஜாக்காட்டின் தமிழர்க்கு மூலத்திலும் பேச்சில்லை, பெயர்ப்பிலும் ஊரில்லை.

இம்முடிவுக்கு நியாயம் இல்லாமலில்லை. 2011-இன் இறுதியில் முல்லைப் பெரியாறு அணையை ஒட்டி எழுந்த பதற்றம் இடுக்கி–தேனி எல்லையில் மக்களை அச்சத்தில் ஆழ்த்தியது. உச்ச நீதிமன்றம் அணையின் நீர்மட்டம் 142 அடியாகலாம் எனத் தீர்ப்பளித்தது 2014 மே மாதம். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவரும் ஒரு படத்தில், இடுக்கித் தமிழ்க் குடும்பம் ஒன்றை மலையாளக் காவல் அதிகாரிகள் அடித்து விசாரிப்பதாகக் காட்டினால் அது குடும்பக் கதையாக நின்றிராது. கதையை இரு மாநிலப் பூசலிலிருந்து விலக்கிவைத்தது பொறுப்புள்ள செயலே. ஆயினும், இதே கதையின் சீன மறுஆக்கம் (2019) வேறு வழியில் சென்றது ஒப்பு நோக்கத்தக்கது. அது தன் தலைவனைத் தாய்லாந்து நகரம் ஒன்றில் வாழும் சீனனாக்கிற்று. சீனக் காவல்துறையைக் குறைகூறும் கதைக்கு அந்நாட்டில் இசைவு கிடைக்காது என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும், அண்டை மொழியினர் ஆளும் ஊரில் தன் மொழியை வீட்டுக்குள் பேசி வாழும் சிறுபான்மையன் என்னும் நிலை சீன வடிவத்துக்குக் கிட்டியது. இடுக்கித் தமிழர்க்கு இயல்பாகவே உரிய அந்நிலை தமிழ் வடிவத்துக்குக் கிட்டவில்லை.

'பாபநாசம்' வெளிவந்து இரண்டே மாதத்தில், 2015 செப்டம்பரில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஊக்கத்தொகையும் கூலியும் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். மலையாளச் செய்தித் தொலைக்காட்சிகள் அவர்கள் பேச்சை நேரடியாக ஒளிபரப்பின. லயங்களின் தமிழைக் கேரளம் முழுதும் வீட்டிலிருந்தபடியே கேட்டது. அப்பெண்கள் தம் அமைப்புக்கு இட்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. பேச்சுத்தமிழில் இப்பொருளுக்குரிய பெருவழக்குச் சொல் 'ஒற்றுமை'. 'ஒருமை' என்பது இலக்கண வகுப்பில் பன்மைக்கு எதிர்ச்சொல். மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. தமிழின் ஈறும் மலையாளத்தின் பொருளும் ஒரு சொல்லில் இணைந்திருப்பதாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது. எல்லைப்புறத் தமிழ் தன் சொற்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலுடன் வாழ்கிறது என்பதற்கு இப்பெயர் சான்று. திரைக்கதை ஆசிரியர்கள் தேடிச் செல்ல வேண்டிய தொலைவில் அது இல்லை.

நகைப்புக்குரிய பாலக்காடு

இடுக்கியின் தமிழ் திரையில் கேட்கப்படவில்லை எனில், பாலக்காட்டின் தமிழ் கேட்கப்பட்டு நகைக்கப்பட்டது. 1981-இல் வெளிவந்த 'அந்த 7 நாட்கள்' படத்தின் பாலக்காட்டு மாதவன் மலையாளம் கலந்த தமிழ் பேசும் இசைக்கலைஞன். அவன் வழுக்கள் அனைத்தும் சிரிப்புக்குரியவை. எனினும் அவன் பண்பு சிரிப்புக்குரியதன்று என்பதை இறுதிக் காட்சி உணர்த்திவிடுகிறது. 1990-இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் காமேசுவரன் பாலக்காட்டுச் சமையற்காரன். 2003-இல் 'நள தமயந்தி'யின் தலைவனும் அவ்வாறே. மூன்றனுள் இரண்டு அந்தணர் குடும்பத்துப் பேச்சைப் பற்றியவை. மூன்றிலும் பாலக்காட்டான் வேறொரு நகரத்தில்தான் பேசுகிறான். கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் பேசப்படும், கொங்கு வழக்குக்கு நெருங்கிய உழவர் தமிழை இப்படங்களைக் கொண்டு எவரும் அறிய இயலாது. எம்.ஜி.ஆரின் குடும்ப வீடு இருந்த வடவன்னூரும், எம்.எஸ். விசுவநாதன் பிறந்த எலப்புள்ளியும் இம்மாவட்டத்து ஊர்களே. தமிழ்த் திரை பாலக்காட்டிலிருந்து முகத்தையும் இசையையும் பெற்றுக்கொண்டது. பேச்சை மட்டும் நகைச்சுவைப் பகுதிக்கு ஒதுக்கிற்று.

நூலுலகத்தில் இச்சிக்கலின் மறுபக்கம் தெரிகிறது. ஓ. வி. விஜயனின் 'கசாக்கிண்டெ இதிகாசம்' (1969) பாலக்காட்டுத் தஸ்ராக் ஊரை ஒட்டிப் படைக்கப்பட்ட நாவல். அதன் இராவுத்தர்கள் தமிழ்த் தொடர்புடைய சமூகத்தினர்; பாலக்காட்டு இராவுத்தர் வீடுகளில் தமிழ் வழங்கிவந்தது. எனவே அந்நாவலின் மலையாளத்தில் எல்லைத் தமிழின் சாயல் தென்படும் இடங்கள் மலையாள வாசகர்க்கு வேற்று நிறமாகத் தெரிகின்றன. யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது. எத்துணைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளராயினும் இங்கு ஒரு தடையைக் கடந்தாக வேண்டும்: நூல் முழுதும் தமிழாகிவிட்டபின், முன்பு தமிழாயிருந்த சொல் தனித்துத் தெரிவதில்லை. வேறு மொழிக்குப் பெயர்ப்பவர் அச்சொல்லை அயற்சொல்லாகவே விட்டுவைக்கலாம். தமிழுக்குப் பெயர்ப்பவர்க்கு அவ்வசதி இல்லை.

திரையுலகம் இதே தடையை ஒருமுறை எளிதாகக் கடந்துள்ளது. 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் தஞ்சாவூர் நடனமங்கை நாகவல்லியின் மொழி தமிழ். மலையாளக் குடும்பத்துப் பெண்ணின் வாயில் திடீரெனத் தமிழ் எழும்பொழுது அச்சம் பிறக்கிறது. 2005-இல் 'சந்திரமுகி' வந்தபொழுது அவ்விடத்தில் தெலுங்கு வைக்கப்பட்டது. சொல் மாறியது, அயன்மை என்னும் பணி மாறவில்லை. ஆனால் பேய்க்கு இம்மாற்று பொருந்தியது போல் அண்டைவீட்டார்க்குப் பொருந்தாது. கசாக்கின் இராவுத்தர்க்குத் தெலுங்கைக் கொடுக்க எவரும் துணியார். அவர்கள் அயலாரல்லர், அதுதான் சிக்கல்.

பெயர்க்காமல் விடுதல்

மொழிமாற்றம் செய்யாமலிருப்பதும் ஒரு மொழிபெயர்ப்பு முடிவே. லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இதனைத் துணிந்து செய்தது. தேனி மாவட்டத்திலிருந்து மலைப்பாதையில் சுமையுடன் இடுக்கித் தோட்டங்களுக்குச் சென்றுவரும் நிலமற்ற தொழிலாளி ஒருவனின் கதை அது. தமிழும் மலையாளமும் அதில் ஒருவரையொருவர் விளக்காமல் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. தொழிற்சங்கத்தாரின் மலையாளத்துக்குத் தமிழ்த் தொழிலாளர் தமிழில் விடையளிக்கின்றனர். எவரும் மற்றவரை நகைப்பதில்லை. சென்னைப் பார்வையாளர்க்குச் சில சொற்கள் விளங்காமற் போகலாம். தமிழ்த் திரையில் எல்லைப்புறத்தார்க்கு முழுவதும் விளங்கி, தலைநகரத்தார்க்குச் சிறிது விளங்காத படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது முன்நிற்பது.

மலையாளத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்த இப்படத்தின் பெயரே இரு மொழியினர்க்கும் பெயர்ப்பின்றி விளங்குவது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளக் குழுவில் ஒருவன் வழியில் ஒரு தமிழ்ச் சிற்றூரில் இறங்கி, அவ்வூரில் காணாமற்போன ஒருவனாகவே மாறித் தமிழ் பேசத் தொடங்குகிறான். படம் நெடுகிலும் பழைய தமிழ்ப் படங்களின் பாடலும் உரையாடலும் வீடுகளின் தொலைக்காட்சியிலிருந்தும் கடைகளிலிருந்தும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பின்னணி இசைக்குரிய இடத்தில் இரசிகர்களின் அன்றாட ஒலி வைக்கப்பட்டுள்ளது. பார்வையற்ற முதியவள் ஒருத்தி தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உடன்வந்த மலையாளியர்க்கு அவன் பேசும் தமிழ் அச்சமூட்டுகிறது. அவ்வூராரை வருத்துவது அவன் தமிழன்று, அவன் யார் என்பதே. ஒரே பேச்சு ஒரே காட்சியில் இரு தரப்பார்க்கும் இருவேறாகக் கேட்பதைத் துணையுரையில் எழுதிக் காட்ட வழியில்லை. இரு மொழியும் அறிந்தவர்க்கு மட்டுமே அக்காட்சி இரு பொருளும் தருகிறது.

2015-இல் 'பிரேமம்' சென்னையில் மொழிமாற்றமின்றி 200 நாட்களுக்குமேல் ஓடியது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழகமெங்கும் மலையாளத்திலேயே பார்க்கப்பட்டது. 1991-இல் வந்த 'குணா'வின் பாடல் ஒன்று அதில் மலையாள இளைஞர்களின் நட்பைக் கூறப் பயன்பட்டது. சித்தூரிலும் மூணாற்றிலும் நெடுங்காலமாக உள்ள பழக்கம் சென்னைக்கு இப்பொழுதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. பெறுமொழி வாசகர் தருமொழியை அறியார் என்னும் கருதுகோளின்மேல் எழுதப்பட்ட பாடநூல்கள், மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இன்னும் முதல் பாடமாகவே இருந்துவருகின்றன.